நிறுத்துவது நேர்மை அல்ல

விஜயநாராயணம் வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? நெல்லை மாவட்டத்தில், நாங்குநேரிப் பக்கம். உடைமரங்களும் காற்றாலைகளும் நிறைந்த வறண்ட காட்டுக்கு நடுவே வானத்தைக் குத்துவதுபோலச் சில கம்பங்கள் நிற்கும். இரவில் அவற்றின் சிவப்பு விளக்குகள் வெகு தூரத்துக்குத் தெரியும். சின்ன வயதில் அது ஏதோ டி.வி. டவர் என்று நினைத்திருந்தேன். பெரியப்பாதான் சொன்னார்: “டிவியும் இல்ல, ரேடியோவும் இல்லடே. கடலுக்கு அடியில முங்கிக் கிடக்க கப்பலுக்குச் சேதி சொல்லுற கம்பம் அது.”

அவர் சொன்னது சரிதான். அது ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம், 1990-இல் தொடங்கப்பட்டது. சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் இறங்காது. மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலை மட்டும் சில மீட்டர் ஆழம்வரை போகும். அதை அனுப்பத்தான் அவ்வளவு உயரக் கம்பங்கள். எங்கள் ஊர்க் காட்டிலிருந்து யாரோ ஒருவர் கடலுக்கடியில் இருக்கும் யாரோ ஒருவரோடு பேசுகிறார் என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய அதிசயம். பிறகு பொறியியல் படித்து, மென்பொருள் வேலைக்கு வந்து, நாடுகள் எப்படிப் போர்க்கப்பல் வாங்குகின்றன என்று ராத்திரி இரண்டு மணிவரை படிக்கிற ஒரு கிறுக்குப் பிடித்ததற்கு அந்தச் சிவப்பு விளக்குகள்தான் காரணம்.

2025 ஜனவரி 15 அன்று மும்பையில் மூன்று கலங்கள் ஒரே நாளில் கடற்படையில் சேர்ந்தன. சூரத் என்ற நாசகாரிக் கப்பல், நீலகிரி என்ற ஃபிரிகேட், வாக்‌ஷீர் என்ற நீர்மூழ்கி. மூன்றும் மும்பை மசகான் டாக்கில் கட்டியவை. எங்கள் கல்லூரி வாட்ஸாப் குழுவில் கொடிகளும் ராக்கெட் எமோஜிகளும் பறந்தன. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “வாக்‌ஷீர்தான் அந்த வரிசையில் ஆறாவது, கடைசி. அடுத்த நீர்மூழ்கிக்கு ஒப்பந்தம் போட்டாச்சா?” போடவில்லை. ஒருவன் “உனக்கு எப்பவுமே குறை சொல்லணும்” என்றான். இன்னொருவன், “எதுக்குடா போடணும்? அத்தனையும் கமிஷன். வாங்காம இருந்தாலே நாட்டுக்கு மிச்சம்” என்றான்.

இந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. முதலாமவன் கப்பல் கடலில் இறங்கும் நாளை மட்டும் பார்க்கிறான். இரண்டாமவன் வாங்காமல் இருப்பதை நேர்மை என்று நம்புகிறான். நம் பாதுகாப்புக் கொள்முதல் நாற்பது வருடமாக இந்த இரண்டு மனநிலைகளுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. இரண்டில் எனக்கு அதிகக் கோபம் இரண்டாவதன் மேல். ஏனென்றால் அது யோக்கியமான முகத்தோடு வருகிறது.

*

வடக்கு ஜெர்மனியில் கீல் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே ஹெச்.டி.டபிள்யூ. என்ற பழைய கப்பல் கட்டும் தளம். டைப் 209 என்ற டீசல் நீர்மூழ்கியைப் பல நாடுகளுக்கு விற்ற இடம். 1981 டிசம்பரில் இந்தியா அங்கே போய் ஒப்பந்தம் போட்டது. இரண்டு நீர்மூழ்கிகளை அவர்கள் கீலில் கட்டித் தருவார்கள். நம் ஆட்கள் அங்கே போய்க் கற்றுக்கொண்டு, அடுத்த இரண்டை மும்பையில் கட்டுவார்கள். மேலும் இரண்டு கட்டவும் வழி வைத்திருந்தார்கள். நல்ல திட்டம். கீலில் கட்டிய சிசுமாரும் சங்குஷும் 1986-இல் வந்தன. மசகான் டாக்கில் கட்டிய சல்கி 1992-இல், சங்குல் 1994-இல்.

ஆறு வருடம் கழித்து, 1987 டிசம்பரில், தென்கொரியா அதே கீலுக்குப் போனது. அதே டைப் 209. முதல் நீர்மூழ்கி கீலில், மற்றவை சொந்த நாட்டில், ஓக்போவில் இருந்த டேவூ தளத்தில். அப்போது அவர்கள் நமக்கு ஜூனியர். நாம் முதல் பெஞ்ச் மாணவன் என்றால் அவர்கள் தாமதமாகச் சேர்ந்த பையன்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கொரியா 2001-க்குள் ஒன்பது டைப் 209-களை முடித்தது. முடிவதற்கு முன்பே, 2000-இல், அடுத்த வகையான டைப் 214-க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டது. அதிலும் ஒன்பது. ஆரம்பத்தில் வந்த 214-களில் போல்ட் கழன்றது என்று அந்த நாட்டுப் பத்திரிகைகள் கிழித்தன. சரிசெய்தார்கள். கட்டுவதை விடவில்லை. மூன்றாவது கட்டம் அவர்களே வடிவமைத்த 3,000 டன் வகை. முதல் கலம் டோசான் ஆன் சாங்ஹோ 2021 ஆகஸ்ட்டில் படையில் சேர்ந்தது. அடுத்த மாதமே அதிலிருந்து நீருக்கடியில் பாலிஸ்டிக் ஏவுகணையை ஏவிப் பார்த்தார்கள். இடையில், 2011-இல், இந்தோனேசியாவுக்கு மூன்று நீர்மூழ்கிகளை விற்கவும் ஒப்பந்தம் போட்டார்கள்.

நாம்? சங்குல் 1994-இல் முடிந்ததும் மசகான் டாக்கின் நீர்மூழ்கி வரிசை நின்றது. அடுத்த ஒப்பந்தம், பிரான்ஸின் ஸ்கார்பீன், 2005 அக்டோபரில். அதில் முதல் கலம் 2012-இல் வந்திருக்க வேண்டும். கல்வரி வந்தது 2017 டிசம்பரில். 1981-லிருந்து 2025 ஜனவரிவரை மும்பையில் கட்டி முடித்த நீர்மூழ்கிகள் மொத்தம் எட்டு. நமக்குப் பின்னால் வந்த கொரியா அதற்குள் 21-ஐப் படையில் சேர்த்துவிட்டது, அதில் ஒன்றே ஒன்றுதான் கீலில் கட்டியது. 1999-இல் நம் அரசு ஒரு முப்பதாண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-க்குள் 24 நீர்மூழ்கிகள் என்று அதில் எழுதியிருந்தது. விசாகப்பட்டினத்தில் கட்டும் அணுசக்தி அரிஹந்த் வகை தனிக்கதை. அந்த முப்பதாண்டுக் கணக்கில் வந்து சேர்ந்தவை இந்த ஆறு ஸ்கார்பீன்கள் மட்டுமே.

இதைவிட வலிக்கிற செய்தி இன்னொன்று. அடுத்த ஆறு நீர்மூழ்கிகளுக்கான முயற்சி 2007-இல் தொடங்கியது. டெண்டர் வெளியானது 2021 ஜூலையில். நமக்குத் தொழில்நுட்பம் தரத் தகுதியானவை என்று அதில் ஐந்து வெளிநாட்டு நிறுவனங்களைக் குறித்தார்கள். அவற்றில் ஒன்று கொரியாவின் டேவூ. கடைசிப் பெஞ்ச் பையன் நமக்கு டியூஷன் எடுக்க விண்ணப்பம் போடுகிற நிலை. 2025-இல் பேச்சுவார்த்தைக்குத் தேர்வானது ஜெர்மனியின் டி.கே.எம்.எஸ். அது யாரென்றால், கீலில் இருந்த பழைய ஹெச்.டி.டபிள்யூ.வை உள்ளடக்கிய நிறுவனம். 1981-இல் தட்டிய அதே கதவை 44 வருடம் கழித்து மறுபடி தட்டிக்கொண்டு நிற்கிறோம்.

*

ஏன் நின்றது? 1987-இல் பான் நகரில் இருந்த நம் தூதரிடமிருந்து ஒரு தந்தி வந்தது. ஜெர்மன் நீர்மூழ்கி ஒப்பந்தத்தில் 7% கமிஷன் போயிருக்கிறது என்று. பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி.பி. சிங் விசாரணைக்கு உத்தரவிட்டார். சில நாட்களில் பதவி விலகினார். உடனே போஃபர்ஸும் வெடித்தது. ஐந்தாவது, ஆறாவது நீர்மூழ்கிகள் கைவிடப்பட்டன. சி.பி.ஐ. வழக்குப் போட்டது. வருடக்கணக்கில் நடந்து, போதிய ஆதாரமில்லை என்று வழக்கு மூடப்பட்டது. யாருக்கும் தண்டனை இல்லை.

அதாவது திருடனைப் பிடிக்கவில்லை. வீட்டை மட்டும் இடித்தோம்.

இடிந்தது என்ன என்று விளக்க வேண்டும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாத பொருள். நீர்மூழ்கியின் உள்ளுடல் உயர்வலிமை எஃகுத் தகடுகளை வளைத்து வெல்டிங் செய்தது. 250 மீட்டர் ஆழத்தில் அதன் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ 25 கிலோ எடை அழுத்தும். ஒரு வெல்டிங் கோட்டுக்குள் முடியளவு விரிசல் இருந்தாலும் உள்ளே இருக்கும் அத்தனை பேரின் உயிரும் அதில் தொங்குகிறது. அதனால் ஒவ்வொரு கோட்டையும் எக்ஸ்ரே எடுத்தும் மீயொலியால் தட்டியும் பார்ப்பார்கள். இந்த வேலையைப் புத்தகம் படித்து வெல்டர் கற்க முடியாது. தகடு எந்தச் சூட்டில் இருக்கும்போது தொடங்குவது, எந்த வரிசையில் போட்டால் வட்டம் கோணாமல் வரும் என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும். அந்தக் கை வருடக்கணக்கில் சும்மா இருந்தால் மறந்துவிடும், அல்லது வேறு வேலைக்குப் போய்விடும். மசகான் டாக்கில் நடந்தது அதுதான். 2005-இல் ஸ்கார்பீனுக்குக் கையெழுத்தானபோது அந்தத் தளம் கிட்டத்தட்ட அரிச்சுவடியிலிருந்து தொடங்கியது. ஐந்து வருடத் தாமதத்தில் ஒரு பெரும்பங்கு அந்த இடைவெளிக்குக் கொடுத்த வட்டி.

நான் இதை நம்புவதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் கணக்குத் தீர்க்கும் மென்பொருள் ஒன்றை ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளி ஒப்பந்தக்காரர் ஒருவர் மேல் புகார் வந்தது. விசாரணை முடியும்வரை எல்லாவற்றையும் நிறுத்து என்று மேலிடம் சொன்னது. விசாரணை பதினான்கு மாதம். அதற்குள் ஏழு பேர் போய்விட்டார்கள். திரும்பத் தொடங்கியபோது கோடு இருந்தது, ஆவணம் இருந்தது, வரைபடம்கூட இருந்தது. ஒரு இடத்தில் 40 நொடி காத்திருக்கச் சொல்லும் ஒரு வரி இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. புதுசா வந்த பையன் தேவையில்லை என்று எடுத்துவிட்டான். மாதக் கடைசியில் நூற்றுக்கணக்கான கணக்குகளில் பணம் இரண்டு முறை போனது. அந்த 40 நொடிக்குக் காரணம் தெரிந்தவர் அப்போது வேறு நாட்டில் வேறு கம்பெனியில் இருந்தார். எங்களுக்குப் போனது பணம். நீர்மூழ்கியில் அப்படி ஒரு வரியை எடுத்தால் போவது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

*

“அரசுத் தளம், அதான் இப்படி” என்று ஒரு பதில் வரும். “நம்மாளுக்கு வராது” என்று இன்னொன்று. இரண்டுக்கும் மறுப்பு அதே மசகான் டாக்கின் சுவருக்குள்ளேயே இருக்கிறது.

அங்கே பிரிட்டனின் லியாண்டர் வடிவமைப்பில் கட்டிய பழைய நீலகிரி 1972-இல் படையில் சேர்ந்தது. அந்த வகையில் ஆறு கப்பல்கள். ஆறும் ஒரே மாதிரி இல்லை. போகப்போக நம் ஆட்கள் வரைபடத்தில் கைவைத்தார்கள். கடைசி இரண்டில் பெரிய சீ கிங் ஹெலிகாப்டர் இறங்கும் அளவுக்கு மாற்றினார்கள். அந்தத் துணிச்சலில் 1983-இல் கோதாவரி: பிரிட்டிஷ் மரபில் வந்த உடலும் சோவியத் ஏவுகணைகளும் ஒரே கப்பலில், வடிவமைத்தது நம் கடற்படையின் சொந்த வடிவமைப்புப் பிரிவு. பிறகு 1997-இல் டெல்லி, 2014-இல் கொல்கத்தா, 2021-இல் விசாகப்பட்டினம், 2025-இல் சூரத்தும் புதிய நீலகிரியும்.

இந்த வரிசையில் தாமதம் இல்லையா? எக்கச்சக்கம். கொல்கத்தா, தனக்கென்று திட்டமிட்ட வான்காப்பு ஏவுகணை இல்லாமலேயே படையில் சேர்ந்தது. ஆனாலும் வரிசை அறுபடவில்லை. ஒரு கப்பலில் செய்த தப்பை அடுத்த கப்பலில் திருத்த ஆள் இருந்தார்கள். அதே ஊர், அதே நிர்வாகம், அதே அமைச்சகம், அதே கோப்பு, அதே தொழிற்சங்கம். மேல்மட்டக் கப்பலில் ஐம்பது வருடத்தில் நாம் உலகத்தரத்துக்கு வந்துவிட்டோம். நீர்மூழ்கியில் இன்னும் வாத்தியாரைத் தேடுகிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒன்றை நிறுத்தவில்லை, மற்றதை நிறுத்தினோம். இதைவிடச் சுத்தமான ஒரு பரிசோதனையை ஆய்வகத்தில்கூட நடத்த முடியாது.

*

சரி, ஊழல்? என் நண்பனின் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். கொரியாவில் ஊழல் இல்லாததால்தான் அவர்களால் முடிந்ததா?

2014 ஏப்ரலில் செவோல் என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். தோங்யோங் என்ற புத்தம்புது மீட்புக் கப்பல் கடற்படைக்காகக் கட்டித் தயாராக இருந்தது. அதை அனுப்ப முடியவில்லை. ஏன் என்று தோண்டியபோது அதில் பொருத்தியிருந்த சோனார், மீன்பிடிப் படகில் வைக்கிற தரத்தில் இருந்தது தெரியவந்தது. சுமார் 20 கோடி வொன் பெறும் பொருளை 410 கோடி வொன்னுக்கு வாங்கியிருந்தார்கள். நாடே கொதித்தது. கடற்படையின் முன்னாள் தளபதிகளே கைதானார்கள். ஒருவர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். இன்னொருவர் வேறொரு லஞ்ச வழக்கில் சிறைக்குப் போனார். சீனாவில் விமானந்தாங்கிக் கப்பல் கட்டிய அரசு நிறுவனத்தின் பொதுமேலாளருக்கே 2019-இல் லஞ்ச வழக்கில் 12 வருடச் சிறை. இரண்டு நாட்டிலும் ஆள் உள்ளே போனார், கப்பல் வெளியே வந்தது. நம் ஊரில் ஆள் வெளியே இருந்தார், கப்பல் நின்றது.

நாம் இதிலிருந்து பாடம் படித்தோமா என்றால், ஸ்கார்பீனுக்கு வாங்க வேண்டிய டார்பிடோவின் கதையைக் கேளுங்கள். இத்தாலியின் பிளாக் ஷார்க் டார்பிடோ 98 வாங்குவதாக இருந்தது. அதைத் தயாரித்த நிறுவனம் ஃபின்மெக்கானிகா குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமத்தின் இன்னொரு நிறுவனம் விற்ற வி.ஐ.பி. ஹெலிகாப்டரில் லஞ்சப் புகார். ஆகவே 2016-இல் டார்பிடோ கொள்முதல் ரத்து. அடுத்த வருடம் கல்வரி படையில் சேர்ந்தபோது அதற்கென்று புது டார்பிடோ இல்லை. எண்பதுகளில் ஜெர்மன் நீர்மூழ்கிகளோடு வந்த வகை டார்பிடோவையே வைத்துச் சமாளித்தார்கள். 2025 டிசம்பர் கடைசியில் 48 டார்பிடோக்களுக்கு ஒப்பந்தம் ஆனது. யாரோடு? இத்தாலியின் அதே நிறுவனத்தோடு. இந்த இடைவெளியில் தண்டனை அனுபவித்தது ஃபின்மெக்கானிகா இல்லை. புது நீர்மூழ்கியில் பழைய ஆயுதத்தோடு கடலுக்குப் போனவர்கள்தான். 1987-இல் காங்கிரஸ் ஆட்சி, 2016-இல் பா.ஜ.க. ஆட்சி. கட்சி மாறியது, பழக்கம் மாறவில்லை.

ஒரு அதிகாரியின் இடத்தில் இருந்து யோசித்தால் இது புரியும். கையெழுத்துப் போட்டால் இருபது வருடம் கழித்தும் சி.பி.ஐ. வரலாம். போடாவிட்டால் யாரும் வர மாட்டார்கள். “மேலும் தெளிவு தேவை” என்று எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக ஓய்வுபெறலாம். நம் அமைப்பு தாமதத்துக்கு விலையே வைக்கவில்லை. விலை இல்லாத பொருளை எல்லோரும் தாராளமாகச் செலவழிப்பார்கள்.

*

இங்கே என்னை மடக்க ஒரு நல்ல வழி உண்டு. “தொடர்ந்து கட்டினால் போதும் என்கிறாயே, அமெரிக்கா தொடர்ந்து கட்டித்தானே நாசமாப் போச்சு?”

நியாயமான கேள்வி. அமெரிக்கக் கடற்படையின் எல்.சி.எஸ். என்ற கரையோரப் போர்க்கப்பல். ஒன்று 22 கோடி டாலர் என்று தொடங்கி, இரண்டு மடங்குக்கும் மேல் போனது. ஒரே உடலில் தேவைக்கேற்ப ஆயுதத் தொகுப்பை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நீர்மூழ்கி வேட்டைக்கான தொகுப்பு கடைசிவரை தேறாமல் 2022-இல் கைவிடப்பட்டது. ஆனால் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன, மொத்தம் 35. இரண்டு தளங்களுக்கும் வேலை வேண்டும், அந்தத் தொகுதிகளின் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஓட்டு வேண்டும். சூ சிட்டி என்ற கப்பல் 2018 நவம்பரில் சேர்ந்து 2023 ஆகஸ்ட்டில் ஓய்வுபெற்றது. ஐந்து வயதுகூட நிறையவில்லை. அதற்கு மாற்றாக வந்த கான்ஸ்டலேஷன் ஃபிரிகேட்டுக்கு 2020-இல் ஒப்பந்தம். ஐரோப்பாவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கப்பலின் வரைபடத்தை எடுத்து, 85% அப்படியே வைப்போம் என்றார்கள். மாற்றி மாற்றி 15%-க்கும் கீழே கொண்டுவந்தார்கள். வரைபடம் முடியும் முன்பே 2022-இல் எஃகு வெட்டத் தொடங்கினார்கள். மூன்று வருடம் பின்தங்கி, 2025 நவம்பரில் முதல் இரண்டோடு நிறுத்துவதாக அறிவித்தார்கள். ரிக்வயர்மென்ட் முடியாமல் கோடு எழுதத் தொடங்கி அவஸ்தைப்பட்ட யாருக்கும் இந்தக் கதை புதிதல்ல. பணம் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் அதே அமெரிக்காவில்தான் ஏஜிஸ் இருக்கிறது. அட்மிரல் வேய்ன் மேயர் என்று ஒருவர். கொஞ்சம் கட்டு, கொஞ்சம் சோதி, நிறையக் கற்றுக்கொள் என்பது அவருடைய கொள்கை. ஏஜிஸின் ராடாரை 1970-களில் நார்ட்டன் சவுண்ட் என்ற பழைய கப்பலில் ஏற்றிச் சோதித்தார்கள். நியூ ஜெர்சியில் வயலுக்கு நடுவே ஒரு கப்பலின் மேல்தட்டை மட்டும் கட்டி நிறுத்தி, தரையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் 1983-இல் முதல் ஏஜிஸ் கப்பல். 1991-இல் தொடங்கிய ஆர்லி பர்க் நாசகாரிகள் 70-க்கும் மேல் ஆகிவிட்டன; இன்றைக்குக் கட்டுவதில் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி புதிது.

சீனாவும் இதையேதான் செய்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒவ்வொரு வகையிலும் இரண்டே இரண்டு நாசகாரிகள் கட்டினார்கள். 054 ஃபிரிகேட்டும் இரண்டுதான். கடலில் ஓட்டிக் குறையைக் கண்டுபிடித்துவிட்டு, 2008 முதல் 054ஏ-வை முப்பதுக்கும் மேல் வார்த்துத் தள்ளினார்கள். அங்கே கேள்வி கேட்கப் பத்திரிகை இல்லை, அந்த ஆட்சிமுறை எனக்கு வேண்டாம். ஆனால் அந்தத் தொழில்முறைக்கும் சர்வாதிகாரத்துக்கும் சம்பந்தமில்லை. ஜனநாயக ஜப்பான் இன்னும் அழகாகச் செய்கிறது. கோபேயில் மிட்சுபிஷி, கவாசாகி என்று இரண்டு தளங்கள். மாற்றி மாற்றி, சராசரியாக வருடத்துக்கு ஒரு நீர்மூழ்கி. ஏறக்குறைய தீபாவளி மாதிரி, வருடா வருடம் வந்துவிடும். 2010-இல் நீர்மூழ்கிகளை 16-லிருந்து 22-ஆக உயர்த்துவது என்று முடிவெடுத்தபோது அவர்கள் புதுத் தளம் திறக்கவில்லை. அவசர டெண்டர் விடவில்லை. வயதாகும் முன்பே ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்த கலங்களைச் சில வருடம் கூடுதலாக வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

ஆகவே நான் சொல்வது கண்ணை மூடிக்கொண்டு கட்டிக்கொண்டே இரு என்பதல்ல. கப்பல் வகை தப்பாகப் போனால் இரண்டோடு நிறுத்து. ஆனால் கட்டுகிற கூட்டத்தைக் கலைக்காதே. எல்.சி.எஸ். காரர்கள் தப்பான வகையை நிறுத்த மறுத்தார்கள். நாம் சரியான வகையையும் சேர்த்து, கூட்டத்தையே கலைத்தோம்.

*

கலைத்ததன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

2014 பிப்ரவரி 26. பழுதுபார்ப்பு முடிந்து மும்பைக்கு அப்பால் கடலில் பயிற்சியில் இருந்த சிந்துரத்னாவில் தீ. உள்ளே புகை. இரண்டு இளம் அதிகாரிகள் இறந்தார்கள். அன்றைக்கே கடற்படைத் தளபதி அட்மிரல் ஜோஷி தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஒப்பந்தக் கோப்புகளின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவரும் விலகவில்லை. அந்தத் தீ அந்தத் தாமதத்தால்தான் பற்றியது என்று நான் சொல்லவில்லை. சிந்துரத்னா 1988-இல் வாங்கியது. ஓய்வுபெற வேண்டிய வயதிலும் பழைய கலங்களை மறுபடி மறுபடி ஒட்டவைத்துக் கடலுக்கு அனுப்ப வேண்டிய நிலைக்கு நாம்தான் வந்து சேர்ந்தோம். அதை மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று நம் கடற்கரையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கடற்கண்ணி என்பது ஏழையின் ஆயுதம். 1988-இல் பாரசீக வளைகுடாவில் ஒரே ஒரு ஈரானியக் கண்ணி, சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைக் கிட்டத்தட்ட மூழ்கடித்தது. துறைமுக வாசலில் நாலு கண்ணி கிடப்பதாகச் சந்தேகம் வந்தாலே சரக்குக் கப்பல் உள்ளே வராது. அவற்றைத் தேடி அகற்றவென்றே தனிக் கப்பல்கள் வேண்டும். சோவியத்திடம் வாங்கிய பன்னிரண்டு நம்மிடம் இருந்தன. புதுச்சேரி, கடலூர் என்று நம் ஊர்ப் பெயர்களே இருந்தன. ஒவ்வொன்றாக ஓய்வுபெற்று, கடைசிக் கப்பல் கோழிக்கோடு 2019-இல் போனது. அதற்குப் பதில் வாங்குவதற்குக் கொரியாவின் காங்நாம் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இடைத்தரகர் புகாரில் 2014-இல் ரத்து. கோவா தளத்தில் அதே காங்நாமோடு சேர்ந்து கட்டலாம் என்று மறுபடி பேசினார்கள்; அதுவும் 2018-இல் முறிந்தது. 2025 ஜூலையில்தான் புதிதாக வாங்க முதல்கட்ட ஒப்புதலே கிடைத்தது. இரண்டு விமானந்தாங்கிகள் வைத்திருக்கும் கடற்படையிடம் ஒரு கண்ணிவாரிக் கப்பல்கூட இல்லை. தூத்துக்குடி, எண்ணூர் துறைமுகங்களை வைத்துப் பிழைக்கிற நாம் இதைக் கேட்டு ஒரு ட்வீட்கூடப் போடவில்லை. கண்ணிவாரி வேடிக்கை பார்க்க அழகாக இருக்காது, அதனால் இருக்கலாம்.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஒரு வரிசையின் கடைசிக் கலம் பாதி முடியும்போதே அடுத்த வரிசைக்குக் கையெழுத்தாகிவிட வேண்டும். லஞ்சம் கொடுத்த நிறுவனத்திடம் அபராதம் வாங்கு, வாங்கியவனை உள்ளே போடு. பொருளைத் தடை செய்யாதே. ஒவ்வொரு கொள்முதல் கோப்பிலும், இன்னும் ஒரு வருடம் தள்ளினால் ஆகும் செலவு எவ்வளவு, அதுவரை எந்தப் பழைய கலம் கடலில் இருக்க வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கட்டும். கையெழுத்துப் போடாதவரின் பெயரும் அதில் இருக்கட்டும். தணிக்கைத் துறை செலவழித்த பணத்தைக் கேட்கிற மாதிரி, செலவழிக்காமல் விட்ட வருடங்களையும் கேட்கட்டும்.

படிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஏதாவது கப்பல் கடலில் இறங்கும்போது கொண்டாடுங்கள், நானும் கொண்டாடுவேன். கையோடு, அந்தத் தளத்தில் அடுத்து எது நிற்கிறது என்றும் கேளுங்கள். ஏதாவது ஒப்பந்தம் ‘ஊழல் புகாரால் ரத்து’ என்று செய்தி வந்தால், நேர்மை ஜெயித்தது என்று பகிர்வதற்கு முன்னால், யார் உள்ளே போனார்கள் என்று தேடிப் பாருங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது விஜயநாராயணம் வழியாகத்தான் போனேன். கம்பங்கள் அப்படியே நிற்கின்றன. விளக்குகள் எரிகின்றன. அந்தக் கம்பம் பேசத் தொடங்கிய 1990-இல் மும்பையில் இரண்டு நீர்மூழ்கிகள் உருவாகிக்கொண்டிருந்தன. பெரியப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால், “கம்பத்துல பேச ஆளு இருக்கு, சரி. அந்தப் பக்கம் கேக்க ஆளு போதுமாடே?” என்று கேட்டிருப்பார்.